பார்க்காமல் போட்ட டிக்

மண்ணூர்,
வியாழக்கிழமை.

பிரியமுள்ள மாப்பிள்ளை ஜெயசீலன் அவர்களுக்கும் என் தங்கச்சிக்கும், சாலமோன் எழுதுவது. முதலில் ஸ்தோத்திரம். அதற்கடுத்து சண்டை.

நீங்கள் ஒடிசா மலையில், டவர் எடுக்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஊராருக்கெல்லாம் வேதம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த வேதத்தால் இங்கே என் மானம் ஒரகடம் கூட்டுரோட்டில் விழுந்து லாரி ஏறி நசுங்கிக்கொண்டிருக்கிறது. அதை யார் வந்து பொறுக்குவது?

ஷீபாவுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும். இன்ஜினியரிங் முடித்த ஆயிரம் பேர் கேட்டில் நின்ற அன்று, நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வார்த்தை சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிற சாலமோனின் தங்கச்சி மகள் என்றால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை மறுகேள்வி கிடையாது. இரண்டு வருஷ டிரெயினி முடிந்து, வருகிற மாதம் பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டப்போகிறார்கள். முதல் பேரே அவளுடையதுதான். லிஸ்ட் இன்னும் டைப் ஆகவே இல்லை என்பார்கள் சிலர். எனக்குத் தெரியாதா?

என் வீட்டில் தங்கியிருக்கிற இவள் காலை நாலரைக்கு எழுந்து, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மூன்று அதிகாரம் படிக்கிறாள். படிக்கட்டும். நான் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை ஏழு முறை முடித்தவன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் பிரசங்கத்தின் நடுவில் சந்தேகம் வந்தால் எங்கள் பாஸ்டர் கடைசி பெஞ்சில் என் முகத்தைத்தான் பார்ப்பார். நாமெல்லாம் படித்தால் படித்ததோடு மூடி வைக்கிறோம். இவள் மூடுவதில்லை. படித்ததை டிபன் பாக்ஸோடு சேர்த்துக் கம்பெனிக்கு எடுத்துப் போகிறாள். அங்கேதான் வினை.

அவள் லைனில் ஓடுவது பஸ்ஸுக்கும் லாரிக்கும் போகிற பிரேக் ஹோஸ். ரப்பர் குழாய், இரண்டு முனையிலும் இரும்பு மூடி. மணிக்கு ஐந்து எடுத்து, மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று அளந்து பார்த்து, ஒரு தாளில் டிக் போட வேண்டும். யார் பார்க்கிறார்கள்? ஷிப்டு தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் டிக் போட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார்கள். சூப்பர்வைசர் வெங்கடேசன் சொல்லித்தான் போடுகிறார்கள், டார்கெட் அப்படி. இந்த லைனுக்கு மாற்றியதிலிருந்து இவளும் எல்லோரையும் போல பதினோரு நாள் போட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் உபாகமம் படித்தாளாம். பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல்லைப் பையில் வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றாதே என்று ஓரிடத்தில் வருகிறதாம். அது வியாபாரிக்குச் சொன்னது, உனக்கென்னடி என்று கேட்டேன். "என் பேனாதான் மாமா அந்தக் கல்லு" என்கிறாள்.

அன்றைக்கே போய், பதினோரு தாளின் மேலும் 'இது பார்க்காமல் போட்ட டிக்' என்று எழுதி, தன் பேரை மட்டும் கையெழுத்துப் போட்டு, வெங்கடேசனைத் தாண்டி குவாலிட்டி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டாள். கேட்டைத் தாண்டப் போன லாரி திரும்பி வந்தது. நாற்பதாயிரம் ஹோஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லைன் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. வெங்கடேசனுக்கு மெமோ. ஷீபா விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் என் பஸ்ஸில்தான் ஏறினாள். அவளோடு ஒரே சீட்டில் வருகிற முத்துச்செல்வி, தெற்கத்திப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள், எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். போகிற போக்கில், "பைபிள் படிக்கணும்னா வீட்டுல இருந்து படிக்க வேண்டியதுதானட்டீ, எங்க ஞாயித்துக்கெழமைய ஏன் கெடுக்க?" என்று பஸ்ஸே கேட்கச் சொன்னாள். நாற்பத்திரண்டு பேர் பஸ், ஒருத்தியும் இவளோடு பேசவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி அன்னபுஷ்பம், "நீ வாங்கிக் குடுத்த வேலைன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, இப்ப அடி பாக்கலாம்" என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்?

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். கேட்டில் நாலு செக்யூரிட்டியும் சல்யூட் அடித்தார்கள். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, உட்காருங்க சாலமோன் என்றார். எச்.ஆர். மேடமும் இருந்தார். நான் என் சாமர்த்தியத்தையெல்லாம் இறக்கினேன். பெண்ணுக்குப் பத்து நாளாக விஷ ஜுரம், நூற்றி ஐந்து டிகிரி, மாத்திரை வேகத்தில் என்ன எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதிவிட்டாள், உண்மையில் ஒவ்வொரு ஹோஸையும் பார்த்துத்தான் டிக் போட்டாள் என்று கண்ணீர் விட்டேன். மேடமே கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். காரியம் முடிந்தது. அவள் வந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வந்தாள். மேனேஜர் கேட்டார். "இல்ல சார். எனக்கு ஜுரமே வரல. மாமா எம்மேல இருக்கற பாசத்துல சொல்றாரு" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. மாப்பிள்ளை, எனக்கு ஐம்பத்தாறு வயசு. பாசத்துல சொல்றாராம்!

இருந்தாலும் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது பாருங்கள். அதே ஜுரத்தை ஒரு பேப்பரில் டைப் செய்து கொடுத்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லாத குழப்பத்தில் தவறாக எழுதிவிட்டேன், டிக் எல்லாம் சரியானதே என்று. மாதக் கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போட்டால் வேலையும் உண்டு, லிஸ்டும் உண்டு. போடாவிட்டால் இரண்டு வருஷமும் போச்சு. வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள், ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேப்பர் அலமாரி மேல் கிடக்கிறது. அதன் மேல் அவள் ஒரு சொட்டு மை வைக்கவில்லை.

நான் நயமாகவும் சொன்னேன். விசுவாசம் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? பஸ்ஸில் என் சீட்டுக்கு முன்னால் வேதத்தை வைத்து, அதைத் தொட்டுக் கும்பிடாமல் சாவி போட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் போனபோது, அதன் மேல் கை வைத்து 'இயேசுவே' என்றேன், பஸ் தானாக நின்றது. வருஷா வருஷம் சபையில் எழுந்து சொல்கிற சாட்சி, நீங்களும் கேட்டு அழுதிருக்கிறீர்கள். அதைச் சொல்லி, நம்பினால் கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஒரு டிக்கில் என்ன இருக்கிறது என்றேன். அதற்கு உங்கள் மகள், "மாமா, அது தாயத்து இல்ல, படிக்கறதுக்கு" என்றாள். விட்டாளா? "அந்த பஸ் எப்படி மாமா நின்னுது?" என்று கேட்டாள். சாட்சியை எதிர்த்து ஒரு கேள்வி! தட்டோடு எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாளாக அவளோடு பேச்சு இல்லை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் மலையை விட்டு இறங்கி, டவர் இருக்கிற இடத்துக்கு வந்து, அவளுக்குப் போன் போட்டு, அப்பா சொல்கிறேன் கையெழுத்துப் போடு என்று சொல்லுங்கள். தகப்பன் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் வேதத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் அவள் படிக்கவில்லையா?

ஞாயிறு சாயங்காலம்.

மேலே உள்ளதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் நான் அப்படி எழுதவே இல்லை என்று நாளைக்கு நானே சொல்வேன். அதனால் இருக்கட்டும்.

இன்று காலை அந்தப் பெண்களை நான்தான் கம்பெனிக்கு ஏற்றிப் போனேன். வழியெல்லாம் ஷீபாவைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது முத்துச்செல்வி முன்னால் வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, முப்பத்தெட்டு" என்றாள். என்ன முப்பத்தெட்டு என்றேன். மூடி இறுகாத ஹோஸ். கையால் இழுத்தாலே கழன்று வந்ததாம். அதில் ஒன்பது, அவளே டிக் போட்ட ஷிப்டில் ஓடியது. "ஷீபா வீட்டுலதான இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். மண்ணூரில் என்னோடு இறங்கி வீடு வரை வந்தாள். இப்போது உள்ளே இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முப்பத்தெட்டு என்பதை முந்நூற்றெண்பது என்று எழுத என் கை துடிக்கிறது, மாப்பிள்ளை. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். ஆனால் முப்பத்தெட்டுதான். இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன். மேலே நாற்பதாயிரம் என்று எழுதியது நாலாயிரம். செக்யூரிட்டி சல்யூட் அடிக்கவில்லை, ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. ஷீபாவுக்கு வேலை அவள் பரீட்சை எழுதிக் கிடைத்தது. வேதத்தை நான் ஏழு முறை முடிக்கவில்லை. ஒரு முறை யாத்திராகமம் வரை போயிருக்கிறேன், அது இரண்டாவது புத்தகம்தான்.

கழன்று வருகிற ஹோஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது, வெங்கடேசனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பிரேக்கை மிதித்த கால் பஸ்ஸின் அடிப்பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஏரிக்கரை இறக்கத்தில் அன்று எனக்கு அப்படித்தான் போனது. நான் வேதத்தின் மேல் கை வைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. வாயில் வந்ததும் இயேசு பேர் இல்லை, கெட்ட வார்த்தை. பஸ் தானாக நிற்கவும் இல்லை. ரோட்டோரம் மணல் கொட்டியிருந்தார்கள், அதில் ஏற்றி நிறுத்தினேன். மணலுக்கு முன்னால் பாப்பம்மாளின் கூழ் வண்டி இருந்தது. பாப்பம்மாளும் இருந்தாள். இன்றைக்கும் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். அந்த இடம் வந்தால் ஆறு வருஷமாக நான் வலது பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். அந்த ஹோஸுக்கும் எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து டிக் போட்டிருப்பான் இல்லையா? அவன் கையில் கிடைத்தால் கழுத்தை நெரிப்பேன். இத்தனை நாளாக நான் வீட்டுப் பெண்ணை அவனாக இரு, அவனாக இரு என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு அந்த வேதத்தை எடுத்து வந்தேன். தூசி படாமல் இருக்க வாங்கிய அன்று போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. பிளேடு வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. ஷீபாவிடம் அந்த எடைக்கல் எந்த இடம் என்று கேட்டேன். ஆறு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. எடுத்துக் கொடுத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

கம்பெனிக்காரன் இன்னும் அந்தப் பேப்பரில் கையெழுத்து கேட்கிறான். முப்பத்தெட்டு எடுத்த பிறகும், மேடம் மத்தியானம் போன் போட்டு, மாதக் கடைசி ஞாபகமிருக்கட்டும் என்றாள். இவள் போட மாட்டாள். வேலை போகும். என் கோபம் ஒரு பொட்டு குறையவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதி எழுதி இப்போது அது என்னிடம் வந்து நிற்கிறது. நாளைக்கு முதல் டிரிப் முடித்ததும் அந்த மேனேஜரிடம் போய், ஜுரம் நான் கொண்டுவந்த பொய் என்று சொல்லப்போகிறேன். அவர்கள் பஸ் கான்ட்ராக்டரிடம் சொன்னால் என் வேலைக்கும் பழுது வரும். வரட்டும். அன்னபுஷ்பத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் மலையிறங்கி வரத்தான் வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடச் சொல்ல அல்ல. அப்பாவின் குரலை அவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பகலில் தைரியமாக இருக்கிறாள். காலை நாலரைக்கு விளக்கு எரிகிறது, பக்கம் புரளுகிற சத்தம் கேட்கவில்லை. ஷிப்டு இல்லாத பிள்ளை பழக்கத்தில் எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்று. போன கடிதத்தில், அங்கேயுள்ள ஜனங்களுக்கு என் பஸ் சாட்சியைச் சொன்னீர்கள் என்றும், கேட்டுவிட்டு ஒரு பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நான் இங்கே சபை முழுக்கப் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை, அதை இனிமேல் சொல்லாதீர்கள். அந்தப் பெரியவரிடம் திரும்பப் போய், மணல் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். பாப்பம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்றும் சொல்லுங்கள். அவர் கையை விட்டுவிட்டால் விடட்டும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் உங்கள் மகளையும் காப்பாராக. அவளைக் கொடுத்ததற்காக உங்களுக்கு நன்றி.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் சாலமோன்.
ஞாயிறு எழுதியது எல்லாம் பார்த்து எழுதியது.