தன் தவறைச் சபையில் சொல்லப்போகும் மகளுக்கு

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசியதற்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை, வேலையாக இருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நீ அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் புரிந்தது, மீதியை அண்ணன் விளக்கினான். பெரிய பெரிய நட்சத்திர மண்டலங்களில் சீக்கிரமே புது நட்சத்திரம் பிறப்பது நின்றுவிடுகிறது என்று முன்பு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாய், அதனால்தான் உனக்குப் பெயரும் இந்த வேலையும் கிடைத்தன, இப்போது புதுப் படங்களைப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை, தூசி மறைத்திருக்கிறது, அதை நீ சரியாகக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதானே? அடுத்த மாதக் கூட்டத்தில் நீயே எழுந்து இதைச் சொல்லப்போகிறாயாம். அதற்குப் பிறகு வேலையை நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் மறைக்கப் பார்த்தேன், என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. "யாரும் பாக்கலைன்னா இவ ஏன் வாயக் குடுக்கிறா, பேசாம இருக்கச் சொல்லு" என்று குதித்தார். அண்ணன்தான், "இவ கணக்க நம்பி ரெண்டு பசங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்கப்பா" என்றான். அதைக் கேட்டதும் அவர், "அப்போ சொல்லித்தான் ஆகணும்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் முடிவெட்டப் போன இடத்தில், "எம் பொண்ணு பண்ண தப்ப உலகத்துல ஒருத்தனும் கண்டுபிடிக்கல, அவளேதான் கண்டுபிடிச்சா" என்று அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ரத்த அழுத்தம் பார்த்தேன், ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, கேட்டால் மெஷின் பழசு என்கிறார்.

வெறும் வயிற்றோடு மேடை ஏறாதே. படபடவென்று பேசாதே. மன்னிப்பு ஒரு தடவை கேட்டால் போதும், வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்டுக்கொண்டிருக்காதே. உன் அறையில் அண்ணன் அடைத்து வைத்திருந்த சாமான்களை எடுக்கச் சொல்லிவிட்டேன், வேலை போய்விடும் என்று நினைத்து இல்லை, சும்மா, இடம் காலியாக இருக்கட்டுமே என்றுதான்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த இரண்டு பிள்ளைகளையும் முன்னாலேயே தனியாக உட்காரவைத்து நீயே சொல்லிவிடு. பாவம், அவர்கள் இதைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்கக் கூடாது.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா