இடது காலில் இறங்குவது

மார்ச் 4
மாலைப் பயிற்சி. வலையோரம் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு, தக்ரா ஆட்டத்தின் பிரம்புப் பந்தை எதிர்ப்பக்கம் உதைத்தேன். புள்ளி எங்களுக்கு. இறங்கும்போது இடது முழங்காலுக்குள் ‘படக்’கென்றது. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற எங்கள் அணி இளையவள் கந்திமாவுக்கே கேட்டிருக்கிறது. “என்னக்கா சத்தம் அது?” பந்து உடைந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

மார்ச் 11
ஸ்கேன் பார்த்தார்கள். நடு ஜவ்வு முழுக்க அறுந்திருக்கிறது, உட்பக்கத்து ஜவ்வு பாதி.
“தைச்சா நிக்காதும்மா. தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசைநாரை எடுத்து, எலும்புல துளை போட்டுப் புதுசாக் கட்டணும்” என்றார் டாக்டர்.
“எந்தத் தொடைல?”
“அதே கால்தான்.”
நல்லவேளை. வலது என் உதைக்கிற கால்.
ஆட ஒன்பது மாதமாவது ஆகுமாம். தேசிய அணித் தேர்வு அக்டோபரில்.

மார்ச் 27
அறுவை முடிந்தது. கால் எங்கோ கிடக்கிறது.

மார்ச் 30
“காலைத் தூக்குங்க” என்றார் பிசியோதெரபிஸ்ட். தூக்கினேன். கால் மட்டும் கட்டிலிலேயே கிடந்தது. அழுகை வந்துவிட்டது. அப்பா கஞ்சிக் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். “கால் உன் பேச்சைக் கேக்கலியா? நீ மட்டும் யார் பேச்சைக் கேட்டே?” சிரித்தேன். வலித்தது.

செப்டம்பர் 20
கோச் ப்ரசோங் வீட்டுக்கே வந்தார். “தேர்வுல முழங்காலுக்குக் கட்டு போட்டுக்கிட்டு ரெண்டு செட் ஆடு, வாஸனா. இல்லாட்டி கந்திமாவைத்தான் அனுப்பணும்.”
டாக்டரிடம் கேட்டேன். புது ஜவ்வு இன்னும் எலும்போடு சேர்ந்து இறுகவில்லையாம். “இப்ப வலிக்காது. அதான் ஆபத்தே.”
ஓடினால் வலிக்கவே இல்லை. எனக்கு இருபத்தேழு வயசு. இன்னொரு வாட்டி கூப்பிடுவாங்களா?

செப்டம்பர் 28
தேர்வுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கோச் திட்டவில்லை. பட்டியலில் என் பேரை அடித்துவிட்டுக் கந்திமா பேரை எழுதினார்.
கந்திமா போனில் இழுத்தாள்: “அக்கா, உங்க இடத்துல நான்...”
“வாய மூடு. போய் ஆடு.”
போனை வைத்த பிறகு தலையணையைக் குத்தினேன்.

அக்டோபர் 19
கந்திமா தேர்வாகிவிட்டாள். சந்தோஷம்.
இல்ல, பொய். வயிறு எரியுது.

ஜனவரி 15
ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி, இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார் டாக்டர். “ஆடலாம்.” மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடிதான் இறங்கினேன்.

பிப்ரவரி 6
புத்தர் கோயில் விழாவில் போட்டி. மீன் சந்தைப் பெண்கள் அணியிடம் தோற்றோம். கடைசி செட்டில் ஒரு பந்து உயரமாக, அழகாக வந்தது. குட்டிக்கரணம் போட்டு உதைத்தேன். கோட்டுக்கு வெளியே போய்விட்டது, விரற்கடை தூரம்!
பாங்காக்கிலிருந்து கந்திமா கூப்பிட்டாள். “கால் எப்படிக்கா இருக்கு?”
“அத விடு. நடுவர் குருடுடி. அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு” என்று ஆரம்பித்த நான், கந்திமா சாப்பிடப் போக வேண்டும் என்று கெஞ்சும்வரை நிறுத்தவில்லை.