மஞ்சளுக்கு அடியில் இருந்த வெள்ளை

இன்று காலை விலங்கியல் துறையின் பின்னறையைத் திறந்ததுமே உன் நாற்றம். கோபித்துக்கொள்ளாதே, உன் திமிங்கலத்தின் நாற்றம்தான். மண்ணைத் தோண்டி நாம் எடுத்து வந்த அந்தத் தாடையெலும்பு இன்னும் எண்ணெய் கசிகிறது. கீழே விரித்த பழைய புடவை ஊறித் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை சோப்பு போட்டும் என் கையை விட்டுப் போகவில்லை.

புதிதாக வந்த துறைத்தலைவர் அதற்குப் பெயர்ப்பலகை வைக்கச் சொல்கிறார். "நீலத் திமிங்கலம்னு எழுதிடுங்க மேடம், வேல முடிஞ்சிது." முடிந்துவிடுமா? நீ இருந்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். உனக்கும் சேர்த்து நானே எரிந்து விழுந்தேன்.

வீராம்பட்டினத்தில் அது கரை ஒதுங்கிய அன்று உன் ஸ்கூட்டரில்தான் போனோம். உடம்பெங்கும் நீலத் திமிங்கலத்தின் சாம்பல் திட்டுகள். கீழ்த்தாடையின் வலப்பக்கம் மட்டும் வெள்ளை. அது துடுப்புத் திமிங்கலத்தின் அடையாளம். "ஏய், ரெண்டு ஜாதியும் சேந்து பெத்ததுடி இது!" என்று கத்தினாய். தோல் உரிந்தாலும் வெளுக்கும் என்றேன். வேறு கடல்களில் இவை கூடிக் குட்டி போட்டிருக்கின்றன, அப்படிப் பிறந்த ஒன்றே கருவுற்றும் இருந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் அடுக்கினாய்.

அப்போதுதான் ஊர்ப் பெண்களோடு உன் அம்மா வந்தார். வாழ்க்கைப்பட்டது டவுனில் பிரெஞ்சு பேசும் கிறிஸ்தவக் குடும்பத்தில் என்றாலும், பிறந்த ஊரில் ஒன்றென்றால் அவர்தான் முதல் ஆள். கடலில் செத்து வந்த பெரிய உயிரை அங்கே குளிப்பாட்டாமல் புதைப்பதில்லை. மஞ்சளைக் கரைத்து, அம்மா தன் கையாலேயே அந்தத் தாடையில் வழித்துப் பூசினார்.

கேமரா உன் கையில் இருந்தது. ஒரு படம் போதும். "அம்மா, கொஞ்சம் நில்லு" என்றால் நின்றிருப்பார். எடுடி என்று உன்னைக் கிள்ளினேன். "வுடுடி, அவங்க செய்யட்டும்" என்று கேமராவை இறக்கிவிட்டு வழிவிட்டாய். பிறகு நீ எடுத்த எல்லாப் படத்திலும் மஞ்சள்தான். ஜேசிபி வந்து அதைக் குழிக்குள் தள்ளிவிட்டது.

அதன்பின் நீ பேசிய ஆய்வுக் கூட்டங்களில் சிரித்தார்கள். "இவங்களே கலப்பு, அதான் பாக்குறதெல்லாம் கலப்பாத் தெரியுது" என்று ஒருவன் சொன்னதற்கு நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் சவப்பெட்டியை மூடும் முன்பு அம்மா உன் முகத்திலும் மஞ்சள் பூசினார். உன் சித்தப்பாக்கள் நெளிந்தார்கள். சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடிக் காத்திருந்தார். இந்தத் தடவை நான் யாரையும் கிள்ளவில்லை.

போன ஞாயிறு அம்மா என்னிடம் கேட்டார்: "கண்ணு, நான் மஞ்ச பூசாம இருந்தா எம்பொண்ணு சொன்னத ஒத்துக்கினு இருப்பாங்க இல்ல?" எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை, படுத்தால் தூக்கமில்லை.

இன்று பெயர்ப்பலகையை வெறுமையாகவே மாட்டினேன். எலும்பில் துளையிட்டுத் தூளை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டேன். எண்ணெயில் ஊறியதில் ஒன்றும் தெரியாமலும் போகலாம் என்கிறார்கள். அங்கிருந்து நேரே அம்மாவிடம் போனேன்.

"கேமரா அவ கையிலதான் இருந்துச்சும்மா. நீங்க பூசட்டும்னு அவளேதான் எறக்குனா."

அம்மா என் கையை எடுத்து முகர்ந்தார். "அன்னிக்கி அடிச்ச அதே வாசனை" என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் கை கழுவவில்லை.