பெனலோப்பிக்கு ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்

நேற்று ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பையிலிருந்து துணியை உருவும்போது உன் நாவலும் சேர்ந்து வெளியே விழுந்தது. புது அட்டை போட்டிருக்கிறார்கள். தறியின் முன்னால் ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நம் சங்கரன்கோவில் கோபுரம். "எங்களுக்குப் பாடமா வச்சிருக்காங்க அக்கா. நம்ம ஊர்க் கதைதான், படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். "கையத் தூக்கும்மா" என்று சொல்லி நாடாவைச் சுற்றினேன். அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் புத்தகம் மட்டும் என் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாம். நீ படித்துத் திருநெல்வேலியில் ஆங்கிலப் பேராசிரியை ஆனாய். நான் தையல் பழகி ரதவீதியில் கடை போட்டேன். சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்தால் நேரே கடைக்குத்தான் வருவாய். முக்காலியை இழுத்துப் போட்டு, நான் பிரித்துப் போடும் நூலை விரலில் சுற்றியபடி பேசுவாய். என் வீட்டுக்காரர் துபாய்க்குப் போய் அப்போது பல வருடமாகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். நல்ல மனிதர்தான். தூரம்தான் எங்களுக்கு எதிரி.

அப்படி ஒரு சனிக்கிழமை நீ பெனலோப்பியின் கதையைச் சொன்னாய். கிரேக்க ராணி. போருக்குப் போன புருஷன் கடலில் திசை தப்பி அலைகிறான். அவன் செத்துப்போனான் என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இந்தத் துணியை நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்று அவள் தவணை கேட்கிறாள். பகலில் நெய்ததை இரவில் பிரித்துவிடுகிறாள்.

"இருபது வருஷம் காத்திருந்தா ஏட்டி" என்றாய்.

"காத்திருந்தாளா, இல்ல வேற போக்கிடம் இல்லாம இருந்தாளா?" என்று கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தோழி பார்க்கிற பார்வை என்று நினைத்தேன்.

நாவல் வெளியீட்டு விழாவுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தேன். முன்வரிசையில் என்னை உட்கார வைத்தாய். கிரேக்கப் புராணத்தை நம் வறண்ட மண்ணுக்குக் கொண்டுவந்தவர் என்று மேடையில் உன்னைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கைதட்டினேன்.

உள்ளே நான் இருந்தேன். ஆட்களுக்கெல்லாம் கிரேக்கப் பெயர் வைத்து நம் தெருக்களில் நடமாட விட்டிருந்தாய். தைக்கிறவளை நெய்கிறவளாக மாற்றினாய். என் மகளை மகனாக்கினாய், கிரேக்கக் கதையில் ராணிக்கு மகன் என்பதால். ஆனால் ரதவீதியை விட்டு வைத்தாய். துபாயை விட்டு வைத்தாய். என் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற தழும்பைக்கூட அப்படியே விட்டு வைத்தாய். போக்கிடம் பற்றி நான் கேட்ட கேள்வி ஒரு வேலைக்காரியின் வாயில் இருந்தது. நாவலின் உச்சமே அந்த வரிதான் என்று ஒரு விமர்சகர் எழுதினார்.

அதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். ஆனால் அவளைக் கட்டிக்கொள்ள நினைக்கிற அந்த ஐந்து பேரையும் கொண்டுவந்தாய். நூல் வியாபாரி, வாத்தியார், வட்டிக்காரன், இன்னும் இரண்டு பேர். பெனலோப்பியின் தறிக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து போன நாற்காலியின் சூட்டை அவள் கையால் தொட்டுப் பார்க்கிறாள். அழகாகத்தான் எழுதியிருந்தாய்.

மேலநீலிதநல்லூரிலிருந்து மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, புத்தகத்தோடு கடைக்கு வந்தாள்.

"அந்த நூல்கடைக்காரன் யாரு?"

"அது கதை மதினி."

"தழும்பு கதையா? துபாய் கதையா? இதெல்லாம் நெசம், அது மட்டும் கதையாக்கும்!"

ரெண்டு நாளில் துபாயிலிருந்து அவர் போன் செய்தார். கோபமாகக் கூடப் பேசவில்லை. "இத்தன பேரு கடையில வந்து உக்காந்திருந்தானுவளா?" என்று கேட்டார்.

"ஒருத்தனும் வரல. சாமி சத்தியமா."

"அப்ப அவ ஏன் எழுதினா?"

அதைக் கேட்கத்தான் பஸ் ஏறி உன்னிடம் வந்தேன்.

"பெனலோப்பி கதையில அவங்க இல்லாம எப்படி ஏட்டி? அவங்க இருந்தாத்தான அவளோட உறுதி தெரியும்" என்றாய்.

"எனக்கு எதுக்கு உறுதி? அவருட்ட ஒரு வார்த்தை பேசு. அஞ்சு பேரும் நான் உண்டாக்கினதுன்னு சொல்லு. போதும்."

"எழுத்தாளர் போய் நாவலுக்கு விளக்கம் சொல்ல முடியாது. கடைசி அத்தியாயத்துல புருஷன் திரும்பி வந்துருவான், படிச்சியா?"

காபி போட்டுத் தந்தாய். குடிக்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் உன் பேட்டி வந்தது. அந்த ஐந்து பேரும் கிரேக்க மரபில் எதைக் குறிக்கிறார்கள், உன் நாவலில் எதைக் குறிக்கிறார்கள் என்று நாலு பக்கத்துக்கு விளக்கியிருந்தாய்.

உன் கடைசி அத்தியாயத்தில் அவன் வந்தான். என்னுடையவர் விடுப்பில் வந்து மதினி வீட்டில் தங்கிவிட்டுப் போனார். மகளை மட்டும் அங்கே வரச்சொல்லிப் பார்த்தார். அதற்கடுத்த விடுப்பிலும் அப்படித்தான். பிறகு வருவதையே விட்டுவிட்டார். பிரிவு என்று யாரும் சொல்லவில்லை. துணி தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த சில வீடுகளும் காரணம் சொல்லாமல் வேறு கடைக்குப் போயின.

நீ படுக்கையில் விழுந்ததும் ஆள்விட்டாய். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "நைட்டி தொளதொளன்னு கெடக்கு. கொஞ்சம் பிடிச்சுத் தாயேன்" என்றாய். மறுநாள் தைத்துக் கொண்டுவந்து நானே மாட்டிவிட்டேன். சரியாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன ஒசத்தித்தான எழுதினேன்?" என்று கேட்டாய். போர்வையை இழுத்துவிட்டேன். என் வீட்டுக்காரரைப் பற்றி அப்போதும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துக்க வீட்டில் உன் எழுத்தாள நண்பர் ஒருவர் என் புருவத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "நீங்கதானா அவங்க? உங்களுக்குச் சாவே கிடையாதும்மா" என்று கும்பிட்டார். உனக்காக அழுதுகொண்டிருந்த நான் அந்தக் கணத்தோடு நிறுத்திவிட்டேன்.

சில நாள் கழித்துத் துபாயிலிருந்து போன் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருடைய குரல்.

"எழுதினவ செத்துட்டாளாமே?"

"ஆமா."

"அப்ப இனி யாருட்டயும் கேக்கவும் முடியாது" என்றார். போனை வைத்துவிட்டார்.

உன்னிடம் கேட்க வேண்டும் என்றே அவருக்கு இருந்திருக்கிறது பார். இத்தனை வருடமும் நீ சொல்லுவாய் என்றுதான் காத்துக்கிடந்திருக்கிறார். நீ ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

உன்னோடு நான் போட வேண்டிய சண்டை அப்படியே என்னிடம் இருக்கிறது. கடையைப் பூட்டும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும் உனக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். நீ பதில் சொல்லுகிற இடம் வந்ததும் நின்றுவிடுகிறேன். உனக்காக ஒரு பதிலை நானே எழுதிக்கொள்ள எனக்குத் தெரியாது. அது உன்னுடைய வேலை.