பூங்காவுக்குத் தண்ணீர் வந்த நாள்

அக்கா,

இன்று காலை பூங்காக் கதவைத் தள்ளியதும் ஈரமண் வாசம் முகத்தில் அடித்தது. வெயில் ஏறுமுன்பே மரங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். உங்களைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது.

நீங்கள் நகராட்சியில் ஓவர்சியர். நான் தையல் கடை வைத்திருப்பவள். காலை நடையில்தான் பழகினோம். பூங்காவின் போர்வெல் வற்றிப் புல் கருகிய கோடையில் ஒரு வேலை உங்கள் கைக்கு வந்தது. ஊரின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, குழாய் போட்டுப் பூங்காக்களுக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் எங்கள் தெரு வழியாகப் போகிறது என்றதும் தெருவே கொதித்தது. சாக்கடைத் தண்ணீர் எங்கள் வாசலில் வேண்டாம் என்று மனு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மனு உங்கள் மேசைக்கே வந்தது. மறுநாள் கடைக்கு வந்தீர்கள்.

"ஏன் ஷமீம், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"வூட்டுல கொழந்தைங்க இருக்குதுங்கக்கா. பயமா இருந்துச்சு."

"பயந்தா தப்பில்ல. ஒருதடவ வந்து பாரு. அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா, வேணாம்னே சொல்லு."

நான் வரவில்லை. உங்களைப் பார்க்கக் கூசி, நடக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டேன். பள்ளம் தோண்டுமுன் நீங்கள் வீடு வீடாக ஏறி விளக்கம் சொன்னீர்கள். என் வாசலில் மட்டும் சற்று நின்றுவிட்டு, கதவைத் தட்டாமலே போனீர்கள். சன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அக்கா.

குழாய் பாதி வழி வந்தபோது உங்களுக்கு நெஞ்சுவலி என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கேட்ட அன்றுதான் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனியாகப் போனேன். கடைசித் தொட்டியில் கைவிட்டு முகர்ந்தேன். நாற்றம் இல்லை. திரும்பி வந்து, தெருப் பெண்களிடம் நானே சொன்னேன். சிலர் நம்பினார்கள், சிலர் என்னைத் திட்டினார்கள்.

தண்ணீர் வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, குழாய் வாயருகே பிடித்தேன்.

"அக்கா, கேக்குதுங்களா?"

"தண்ணியா அது, உன் தையல் மிஷினா?" என்று சிரித்தீர்கள். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. "வேரு வரைக்கும் போவுதான்னு பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். "போவுதுங்கக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். "வந்து பேசிக்கலாம் புள்ள" என்று போனை வைத்தீர்கள். மூன்றாம் நாள் உங்கள் உடலைத்தான் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள்.

நான் இயல்பில் வேகமாக நடப்பவள். உங்களுக்கு மூச்சு வாங்கும் என்று, உங்களோடு நடக்கையில் மெல்ல நடந்து பழகினேன். இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். கால்கள் இன்னும் உங்கள் வேகத்தில்தான் போகின்றன. நானும் அவற்றை அவசரப்படுத்துவதில்லை.

ஷமீம்