மந்திரிக்கும் முன் மோட்டாரைப் போடுங்கள்

ஜனவரி 28, புதன்

காலையில் நல்ல பனி. துறைமுகத்துக் கிரேன்களின் தலை வெகுநேரம் தெரியவில்லை. பால் பாக்கெட் கிழிசல். மாத்திரை வாங்க மறதி.

போதும். கிணற்று விஷயத்தில் வேண்டிய அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மாலை எங்கள் வீட்டு முன்னறையில் மகளிர் கூட்டம். இயற்கையோடு இணைந்து வாழ்வது எப்படி என்று குடியிருப்புப் பெண்கள் புதன்தோறும் பேசுகிறார்கள். என் மனைவி லூர்து செயலாளர். தரைத்தள வீடு, செயலாளரின் வீடு, ஆகவே எப்போதும் இங்கேதான். எனக்கு உள்ளறை. கதவு பாதி சாத்தி. மின்விசிறி கிடையாது, மின்சாரச் சிக்கனமாம்.

கூட்டத்தால் இதுவரை நான் இழந்தவை:

என் பல் பிரஷ். பதிலுக்கு மூங்கிலில் ஒன்று. ஐஸ் குச்சியைச் சப்புவது போல.

வேட்டிகள். கேட்காமலே வெட்டிப் பைகளாக்கியாயிற்று. நேற்று என் வேட்டியில் மத்தி மீன் வந்தது.

தூக்கம். கட்டிலுக்கு அடியில் எலுமிச்சைத் தோல் ஊறும் பாட்டில்கள், தரை துடைக்க. மூடியை இறுக்காதே, வாயு சேரும் என்றேன். யார் கேட்டது? ஒன்று வெடித்தது. இன்றைய கூட்டத்தில் அது "ஒரு சின்ன அனுபவம்" ஆகிவிட்டது.

பிலோமினா அக்கா (இரண்டாம் மாடி, காசிமேட்டில் மீன் விற்றவர், மைக் தேவைப்படாத தொண்டை) ஆரம்பித்தார்: "ஆளுக்கு ஒரு ஐடியா சொல்லணும். சொல்லாதவங்களுக்கு டீ கெடையாது."

கலைவாணி, மூன்றாம் மாடி, தையல்காரி, கைக்குழந்தையோடு: "கோந்து வாங்காதீங்கக்கா. மைதாவக் காய்ச்சுனா பசை. எலெக்சன் போஸ்டரெல்லாம் எங்கப்பா அதுலதான் ஒட்டுவாரு."

அதைக் காய்ச்சியே காட்டினார்கள். என் வீட்டு மைதா.

யாரோ கைப்பேசியில் ஒரு வீடியோ போட்டார்கள். குளிக்க ஒரு வாளி போதும் என்று ஒரு பெண் தேனாகப் பேசினாள். பிலோமினா அக்கா: "ஒரு வாளி கெடச்சாதானேடீ ஒரு வாளில குளிக்கிறதுக்கு? நம்மள மாதிரி ஆளுங்களாண்ட வந்து இத சொல்லுது பாரு."

மாலை முழுவதும் அறிவோடு பேசப்பட்டது அது ஒன்றுதான். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிறவர்களிடம் சிக்கனம் பேசுகிறார்கள். வடக்கே புகைபோக்கிகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் துணிப்பை தைக்க வேண்டுமாம்.

பிறகு ஒரு குரல்: "எங்க வூட்ல எதுவுமே வேஸ்ட் ஆவுறது இல்லக்கா. எம் புருசன் ஒத்தர்தான் கீறாரு."

"உரம் போடேன்டீ."

"மக்காதுக்கா அது!"

சிரிப்பில் லூர்துவின் சிரிப்பும் தனியாகக் கேட்டது. இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு சிரித்தாளா, தெரியவில்லை.

கடைசியில் அவள் எழுந்து கிணற்றைப் பற்றிச் சொன்னாள். ஞாயிறு முதல் பூசை முடிந்து ஃபாதர் வருகிறார். கிணற்றை மந்திரித்து, அவர் கையாலேயே புது மோட்டாரைப் போட்டுத் திறந்து வைக்கிறார். அன்றிலிருந்து லாரித் தண்ணீர் பாதி நிறுத்தம். துவைக்க, துலக்க, குளிக்க எல்லாம் கிணறு.

கலைவாணி: "இனிமே எம் புள்ளய ரெண்டு வேளையும் குளிப்பாட்டுவேன் பாரு."

கைதட்டல்.

டீ எனக்கும் வந்தது. ஆறிப்போய்.

ஜனவரி 29, வியாழன்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று.

விஷயம் இது. அந்தக் கிணற்றின் ஊற்றில் எண்ணெய் இருக்கிறது. கிணறு மூடப்படுவதற்கு முந்தைய கோடையிலேயே பார்த்தேன். அப்போது திருவொற்றியூரில் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். எந்தத் தொட்டி கசிந்ததோ, எந்தக் குழாய் ஓட்டையோ. இந்தப் பக்கத்தில் தரைக்கு அடியில் என்னென்ன ஓடுகிறது என்று யார் கண்டது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். சங்கத் தலைவன் அந்தோணி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சு. முகர்ந்து பார்த்துவிட்டு, "மோட்டர்ல ஆயில் லீக்காவுது நைனா, அதான்" என்றான். பிறகு எல்லாரையும் பார்த்து, "பெட்ரோல் கெடச்சா எனக்கும் ஒரு லிட்டர் ஊத்து, வண்டிக்கு ஆவும்." சபையே உருண்டது. அன்றிலிருந்து இந்தக் குடியிருப்பில் எனக்குப் பெயர் பங்க் சார். பெட்ரோல் பங்க். பிள்ளைகள் வரை.

பிறகு கொசு வருகிறது என்று கிணற்றை மூடினார்கள். என் பாட்டிலுக்காக அல்ல, கொசுவுக்காக. எண்ணெய் பேச்சும் அதோடு போயிற்று.

போன மழைக்கு முன்னால் லூர்துதான் மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றில் விடச் சொன்னாள். நல்ல யோசனைதான். கிணறும் நிறைந்தது, கண்ணாடி மாதிரி. ஆனால் அது வானத்துத் தண்ணீர். இறைக்க இறைக்க அது தீரும். மண்ணுக்குள் இருப்பது ஊறி வரும். கோடையில் வருவது அதுதான்.

இன்று காலை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிப் பார்த்தேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள்.

"நான் டெஸ்ட் பண்ணினேன், லூர்து. உனக்கே தெரியும்."

"இன்னாங்க, நீங்க எதுக்குத்தான் சரின்னு சொன்னீங்க? பாட்டுக் குழுவுல சுருதி சரியில்ல. மாடில பெயிண்டு சரியில்ல. அந்தோணி அண்ணன் பொண்ணு கல்யாணத்துல சாப்பாடு சரியில்ல, போவாமயே."

"இது வேற."

"எல்லாமே வேறதான்." கீரைத்தண்டை ஒடித்தாள். "நீங்க சொல்றது நெஜமாவே இருந்தாலும், நீங்க சொன்னீங்கன்னா நானே நம்ப மாட்டேன். அப்புறம் மத்தவங்க?"

கீரைக் கழிவை வாரி உரத் தொட்டியில் போட்டாள். எனக்கு முன்னால், கொஞ்சம் ஓங்கியே.

அந்தோணி என் அம்மா சாவுக்கு வந்தான். அதையும் நான் மன்னிக்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

மூடுபனி இல்லை. துணி உலர்த்தும் கயிற்றில் வழக்கம்போலக் கரிப்பொடி. பெண்கள் தட்டிவிட்டு மடிக்கிறார்கள், பேச்சு நிற்பதில்லை.

லூர்து ரேஷன் கடைக்குப் போன நேரம் கிணற்றடிக்குப் போனேன். கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கினேன். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நிறம் இல்லை. வாடை இல்லை. நாக்கு நுனியிலும் வைத்தேன். ஒன்றும் இல்லை.

என்னதான் நடந்தது அந்தக் கோடையில்? நிஜமாகவே மோட்டார் ஆயிலா? இத்தனை காலம் ஒரு மோட்டார் ஆயிலுக்காகவா ஒரே பெஞ்சுக்காரனிடம் பேசாமல் இருந்தேன்?

இல்லை. கம்பெனி ஆய்வகத்தில் பார்த்தது நான். ஆனால் உறுதியாகச் சொல்ல ஒரே வழி, தண்ணீரை அடி வரை இறைத்துவிட்டு ஊறி வருவதைப் பார்ப்பது. மோட்டார் அறைச் சாவி அந்தோணியிடம்.

போனேன். அவன் வீட்டு வாசலில் போய் நின்றது எனக்கே கேவலமாக இருந்தது. பனியனோடு வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

"அடடே, பங்க் சார்! வழி தெரிஞ்சிதா எங்க வூட்டுக்கு?"

"மோட்டார் சாவி வேணும்."

"இன்னாத்துக்கு?"

"ஒரு தடவை முழுசா இறைச்சுப் பார்க்கணும்."

சிரித்தான். "மூக்கு இன்னும் அப்டியே கீதா மாமு உனக்கு?" பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில்: "தா பாரு, ஃபாதர் வந்து மந்திரிக்கிற வரிக்கும் மோட்டர்ல கை வெக்கக் கூடாதுன்னு லேடீஸ் ஆர்டர். மொதத் தண்ணி மந்திரிச்ச தண்ணியா வரணுமாம். ஆர்டர் போட்டது யாருன்ற? உங்க வூட்டம்மா. சாவி எங்கிட்ட கீது, பவரு அவங்ககிட்ட கீது."

"டீ சாப்டு போ" என்றான், நான் படி இறங்கும்போது. சாப்பிடவில்லை.

ஆக, மந்திரிக்கும் வரை இறைக்க மாட்டார்கள். இறைக்காத வரை தெரியாது. தெரிய வரும்போது லாரி பாதி நின்றிருக்கும். கலைவாணியின் பிள்ளைக்கு இப்போதே கழுத்து மடிப்பில் வேர்க்குரு.

ஃபாதரிடம் போகலாம். பாட்டுக் குழுவிலிருந்து என்னை நீக்கிய பிறகு நான் கோயில் பக்கம் போவதில்லை. போனால் முதலில் அதைத்தான் கேட்பார்.

அல்லது சும்மா இருக்கலாம். ஏப்ரல் வரட்டும். வாளியில் வானவில் மிதக்கட்டும். அந்தோணி என் வாசலுக்கு வரட்டும். எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறேன் அந்த நாளுக்கு. அவன் என்ன சொல்வான், நான் என்ன சொல்வேன் என்று எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாள் வரை யார் யார் அந்தத் தண்ணீரில் குளிப்பார்கள் என்பது மட்டும் அந்த ஒத்திகையில் வருவதே இல்லை.

ஜனவரி 31, சனி

கிணற்றடியில் சவுக்குக் கம்பு நட்டுத் துணிப் பந்தல். தோரணம்கூடப் பழைய சேலையில் வெட்டியது. பிளாஸ்டிக் தடை. பார்க்க நன்றாகவே இருக்கிறது, என்ன செய்ய.

லூர்து பகல் முழுக்க வரவேற்புரையைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறாள். மதியம் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "தப்பு இருந்தா பாருங்க. தப்பு மட்டும்."

படித்தேன். "வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து ஊற்றும் தண்ணீருக்காக நாங்கள் காத்திருந்தது போதும்." இவளா எழுதினாள் என்று இருந்தது. தப்பு ஒன்றுமில்லை. "மிகவும்" ஒன்று அதிகம். அடித்தேன்.

"நாளைக்கு வருவீங்கல்ல? முன்னாடியெல்லாம் நிக்க வேணாம். ஓரமா வந்து நின்னாலே போதும்."

பார்க்கலாம் என்றேன். இஸ்திரி போடப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். குடியிருப்போர் அனைவருக்கும் என்று. இரண்டு பக்கம் வந்தது. என் எம்.எஸ்ஸி., கம்பெனி ஆய்வகம், அன்றைய பாட்டில், அந்தோணி அடித்த ஜோக்கு, சிரித்தவர்கள் பெயர் வரிசையாக. கீழே என் கையெழுத்து. படித்துப் பார்த்தேன். இதை நான்கு வரி படிப்பதற்குள், "பங்க் சார் ஆரம்பிச்சிட்டாருடோய்" என்று கிழித்து எறிவார்கள். லூர்து சொன்னது சரி.

பெயரை அடித்தேன். பெயர் போனதும் எம்.எஸ்ஸி.க்கு வேலை இல்லை. அதுவும் போயிற்று. பாட்டில், அந்தோணி, சிரிப்பு, ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் எரிச்சலோடுதான் போயிற்று. மிஞ்சியது இவ்வளவு:

"கிணற்றுத் தண்ணீர் இப்போது நன்றாக இருக்கிறது. அது மழைத் தண்ணீர். மந்திரிக்கும் முன் மோட்டாரைப் போட்டு, கீழ் சிமெண்ட் உறை தெரியும் வரை இறைத்துவிடுங்கள். பிறகு ஊறி வரும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் வையுங்கள். மேலே நிறம் ஓடினாலோ மண்ணெண்ணெய் வாடை வந்தாலோ குழந்தைகளைக் குளிப்பாட்ட வேண்டாம், லாரியை நிறுத்த வேண்டாம். ஒன்றும் இல்லை என்றால் தாராளமாகத் திறந்து வையுங்கள்."

கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. ஒன்றும் இல்லாமலும் போகலாம். எழுதிவிட்டேன்.

நிறம் ஓடினால், கண்டுபிடித்த பெயர் கிண்ணம் பிடித்தவருக்குப் போகும். பிலோமினா அக்காவாக இருக்கும். ஊர் முழுக்கச் சொல்லுவார். நான் முதலிலேயே சொன்னேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் இருக்காது. நினைத்தால் இப்போதே பற்றி எரிகிறது.

லூர்துக்கு என் எழுத்து தெரியும். கட்டை எழுத்தில் எழுதினாலும் தெரியும். அவள் உரையை யாரும் கேட்காமல் போகலாம். அந்தப் பந்தல், அந்த இஸ்திரி போட்ட சேலை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. எழுதியது நான் என்று அவளுக்குத் தெரிந்தால் தெரியட்டும். பெயர் மட்டும் போடப்போவதில்லை.

லாரி விடிவதற்குள் வரும். எல்லாரும் குடத்தோடு அங்கே நிற்பார்கள், பூசைக்குக் கிளம்புவதற்கு முன். தண்ணீர்த் தொட்டிச் சுவர்தான் சரியான இடம். அதற்கு முன்னால் போய் ஒட்டிவிட வேண்டும்.

கோந்து பாட்டிலைத் தேடினேன். அதையும் ஒழித்துவிட்டிருக்கிறார்கள். அலமாரியில் புதன்கிழமை காய்ச்சிய மைதா பசை, தயிர்க் கிண்ணத்தில், தட்டு போட்டு மூடி. தொட்டுப் பார்த்தேன்.

நன்றாகவே ஒட்டுகிறது.