படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து

புது அறையில் என் பொருள்களை அடுக்கும்போது பழைய கட்டு ஒன்றிலிருந்து கார்பன் தாள் நழுவி விழுந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும், அரியலூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்ரைட்டரோடு நீ உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது. உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய சேதி: என்னைச் சட்டமன்றத்துக்குச் சட்ட ஆலோசகராக நியமித்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால், "வக்கீலம்மா இனிமே நம்ம பக்கமெல்லாம் வருவாங்களா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டிருப்பாய். செந்துறைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை நீ வக்கீலம்மா என்று கூப்பிட்டதே வம்புக்குத்தான்.

மனுவை அடித்து முடித்ததும், கையெழுத்துப் போட வேண்டியவரை ஸ்டூலில் உட்கார வைத்து, முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டுவாய். அது உன் வேலையே இல்லை. "அவுங்க காதுல வுழுவாம கையெழுத்து வாங்கக் கூடாதுடி" என்பாய். அவசரக்காரியான எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அவர் கடலை விதைக்கும் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைத்துவிட்டார். நான் வேறொருவரின் பாதை வழக்குக்குப் போட்ட பழைய மனுவையே மாதிரியாக வைத்து, பேரையும் ஊரையும் மட்டும் மாற்றி உன்னிடம் கொடுத்தேன். உள்ளே வழக்கைக் கூப்பிடும் நேரம். நீயோ நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாய். "சீக்கிரம் முடி" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"நில்லுங்கம்மா. பாதைய வுட்டுக் குடுக்குறேன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் அவர்.

பழைய மனுவில் இருந்த சமாதான வரி அப்படியே நின்றிருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மனுஷர் தன் கொல்லைக்கு வண்டி ஓட்டிப் போயிருக்கவே முடியாது. நீ என்னை ஏறிட்டும் பார்க்காமல், "நாந்தாங்க தப்பா அடிச்சிட்டேன். தோ, மாத்திக் குடுத்துர்றேன்" என்றாய். தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று என் பிழைப்பையும் அவர் பாதையையும் சேர்த்துக் காப்பாற்றியவள் நீ. உனக்கு நன்றி.

இங்கே எனக்கு வந்த முதல் கோப்பு, சாலைக்கு நிலம் எடுப்பது பற்றிய ஒரு திருத்த மசோதா. மன்றத்துக்குப் போகும் முன் என் கருத்து வேண்டும். "பழைய மாதிரியிலதான் மேடம் போட்டிருக்கோம். கையெழுத்து மட்டும் போதும்" என்றார் பிரிவு அதிகாரி. வந்த அன்றே கேள்வி கேட்டால், ஊர் வக்கீலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்களோ என்று பயமாகத்தான் இருந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த நிலத்துக்காரர்கள் யாரும் இந்த அறையில் இல்லையே. கேட்க ஆளில்லாவிட்டால் என்ன என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மூன்றாம் பக்கத்தில் என் வாய் தானாக நின்றது. நிலத்துக்காரரிடம் ஆட்சேபம் கேட்கத் தேவையில்லை என்று ஒரு வரி. வேறு எதற்கோ எழுதிய பழைய வரைவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதிகாரியின் முகம் வெளுத்துப் போனது. "எனக்கும் இப்படி ஆகியிருக்குங்க. மாத்திட்டு வாங்க" என்றேன். உன்னைப் போலப் பழியை ஏற்றுக்கொள்ளும் பெரிய மனசு எனக்கு வராது. என் பழைய தப்பைச் சொல்ல மட்டும் அன்று வாய் வந்தது.

இன்று காலை அடுத்த கோப்போடு வந்தார். மேசையில் வைத்துவிட்டுப் போகவில்லை. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படிங்க மேடம், கேக்குறேன்."